அண்ணன்னு போட்ட லேபிள்

பூங்கொடி: ...யானையில என்ன தப்புங்கறேன்?

முனிவேல்: யானையில தப்பில்ல. லேபிள்ல தப்பு. சானமாவு காட்டுல எடுத்த அந்தப் போட்டோவுல தெரியறது வாலும் பின்பக்கமும்தான். அதுக்குப் போயி 'யானை'ன்னு போட்டா?

பூங்கொடி: வேற என்ன போடறது?

முனிவேல்: 'யானை, ஒரு பகுதி'.

சாந்த் பாஷா: கம்பெனியில நாளெல்லாம் ரிஜெக்ட் பீஸுக்குச் சிவப்பு டேக் கட்டறான். சாயங்காலம் என் பிரௌசிங் சென்டருக்கு வந்தும் அதே வேலைதாம்மா. ஊர்க்காரங்க ஆசையா போட்டோ போட்டா, இவன் லேபிளைத் தேடித்தேடி அழிக்கறான்.

முனிவேல்: நெட்டுல இருக்கற நம்ம ஊர் போட்டோ குரூப்புக்கு நான்தானே மாடரேட்டர், பாய். குவாலிட்டி வேணாமா?

பூங்கொடி: என் ரோஜாவுக்கு 'அழகு'ன்னு போட்டேன். அதையும் தூக்கிட்டீங்க.

முனிவேல்: அழகை எந்த கேஜ் வச்சு அளக்கறது?

சாந்த் பாஷா: கெலமங்கலத்துக்காரர் இட்லி போட்டோவுல 'காலை டிபன்'னு போட்டாரு. நிழலைப் பாத்துட்டு, இது சாயங்கால இட்லின்னு அடிச்சுட்டான். அவரு தெலுங்குல திட்டுனாரு. இவனுக்குப் புரியல. நான்தான் உக்காந்து தமிழ்ல சொன்னேன்.

பூங்கொடி: சரி... நம்ம கம்பெனி ஆயுதபூஜை போட்டோ?

முனிவேல்: ...அதுக்கென்ன?

பூங்கொடி: உங்க மேல 'முனிவேல் அண்ணன்'னு லேபிள் போட்டேன். காலையில பாத்தா வெறும் 'முனிவேல்'. திரும்பப் போட்டேன். திரும்பவும் அண்ணனைக் காணோம்.

முனிவேல்: சர்வர் கோளாறா இருக்கும்.

சாந்த் பாஷா: ஆமாமா. அந்த சர்வர் என் மூலை கேபின்ல உக்காந்து, டீ குடிச்சுக்கிட்டே அழிச்சுது.

முனிவேல்: பாய், நீங்க கல்லாவைப் பாருங்க.

பூங்கொடி: பேக்கிங் செக்‌ஷன்ல எல்லாப் பொண்ணுங்களும் உங்களுக்கு அண்ணன்னுதான் போட்டிருக்காங்க. எதுலயும் நீங்க கை வைக்கல. என்னுது மட்டும்...

முனிவேல்: ரூல்படி... ஆதாரம் இல்லாத லேபிள்...

பூங்கொடி: நாளைக்கு என்னைப் பொண்ணு பாக்க வர்றாங்க. பர்கூர்லருந்து.

சாந்த் பாஷா: பேசுடா. யானை வாலுக்கு அவ்ளோ நேரம் பேசுனியே.

முனிவேல்: நான்தான் அழிச்சேன், பூங்கொடி. நீ போட்ட அந்த வார்த்தையை மட்டும் என்னால விட்டுவைக்க முடியல. எனக்கு உன்னை... உங்களை... ரொம்பப் புடிக்கும். இனிமே சொல்லி என்ன ஆவப்போவுது.

பூங்கொடி: ம்.

முனிவேல்: பர்கூர் எங்க ஊராச்சே... வர்றது யாரு வீடு?

பூங்கொடி: உங்க வீடுதான். நீங்க அழிக்கறீங்களான்னு பாக்கத்தானே அண்ணன்னு போட்டேன். நீங்களும் விடாம அழிச்சீங்க. அந்தத் தைரியத்துல, நாளைக்கு வர்றாங்கன்னு எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். கெளம்புங்க, இருக்கற பஸ்ஸைப் புடிச்சுப் போயி உங்க வீட்டுக்கும் சொல்லிடுங்க.