வெயில் பட்ட களிம்பு

ஃபேன் சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது ஐயா. நான் மெதுவாகப் பேசுகிறவள். காதில் விழவில்லை என்றால் சொல்லுங்கள், மறுபடி சொல்கிறேன். விசாரணை என்றதும் ஐந்தாறு பேர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்து வந்தேன். நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள், எனக்குத் தண்ணீர்கூட எடுத்து வைத்திருக்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

முதலில் அந்தக் களிம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண் வந்தால் லேசில் ஆறாது. விரலை எடுப்பார்கள், பிறகு பாதத்தை, பிறகு முழங்கால் வரைக்கும். அந்தப் புண்ணை ஆற்ற ஒரு புரதத்தைக் களிம்பில் கலந்து போடலாம் என்பது என் யோசனை. பேராசிரியருடையது இல்லை, என்னுடையது. டாக்டர் பட்டத்துக்கென்று சேர்ந்து, கல்யாணப் பேச்சையெல்லாம் தள்ளிப்போட்டு, எலிகளோடு குடித்தனம் நடத்திக் கண்டுபிடித்தேன். பேராசிரியர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவ எனக்குப் பொண்ணு மாதிரி. இந்த மருந்து இவ பெத்த பிள்ளை" என்பார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

எனக்குப் பின்னால் வந்து சேர்ந்த மாணவியை ஆய்வகத்தில் வாலு என்று கூப்பிடுவோம். ஓரிடத்தில் நிற்க மாட்டாள், ஆனால் எலியைக் கையில் பிடிக்கப் பயந்து சாவாள். கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தது நான். விடுதியில் என் அறையில்தான் தங்கினாள். என் சாப்பாட்டில் பாதி அவளுக்கு. "நீங்க இல்லேன்னா நான் என்னிக்கோ மூட்டையக் கட்டியிருப்பேன்க்கா" என்பாள். கூடப் பிறந்தவள் என்றே நினைத்திருந்தேன்.

களிம்பை மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க அனுமதி கிடைத்த சமயத்தில் என் அப்பாவுக்கும் காலில் புண் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், பார்த்துக்கொள்ள என்னை விட்டால் ஆளில்லை. லீவு கேட்டேன். "அப்பாவ விட ஆராய்ச்சியா பெருசு? போயிட்டு வாம்மா" என்றார் பேராசிரியர். திரும்பி வந்து பார்த்தால், அந்தச் சோதனை வாலுவின் ஆய்வாக மாறியிருந்தது. வெளியிடப்போகும் கட்டுரையிலும் முதல் பெயர் அவளுடையது. என் பெயர் நடுவில் எங்கேயோ கிடந்தது, தேடித்தான் கண்டுபிடித்தேன்.

"வேலை நிக்கக் கூடாதில்லையா? உனக்கு வேற தலைப்பு பாத்துக்கலாம்" என்றார். வாலு என் முகத்தைப் பார்க்கவில்லை. "சார் சொல்றப்போ மாட்டேன்னு எப்படிக்கா சொல்றது?" என்றாள். சொல்லியிருக்கலாம் ஐயா, வாய் இருந்ததே. நம்பவைத்துக் கழுத்தை அறுத்தார்கள் என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் புரிந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வயிறு எரிந்தது. இதையெல்லாம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அதன்பிறகு பேராசிரியர் மருந்து இருக்கும் ஃபிரிட்ஜின் சாவியை என் கையில் கொடுத்தார். நோயாளிகளைச் சேர்க்கும் வேலையும் எனக்கே. "உன்ன மாதிரி பொறுப்பான ஆள் இங்க யாரு இருக்கா?" என்றார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்தார் என்று நீங்கள் நினைக்கலாம். அதுவரைக்கும் நான் பூனை இல்லை ஐயா.

சோதனை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் களிம்பு. டியூப் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், எண் மட்டும்தான் வேறு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற எங்களுக்கும் தெரியாது. எல்லாம் முடிந்தபிறகுதான் அந்த ரகசியத்தைத் திறப்பார்கள். அந்தப் புரதம் குளிரில்தான் பிழைத்திருக்கும். வெயில் பட்டால் செத்துவிடும், ஆனால் களிம்பின் நிறமோ வாசனையோ மாறாது. ஃபிரிட்ஜுக்குள் ஒரு சின்னக் கருவி உட்கார்ந்து சூட்டைப் பதிந்துகொண்டே இருக்கும்.

நான் செய்தது இவ்வளவுதான். புது டியூப்கள் வரும்போதெல்லாம் தட்டோடு எடுத்துப்போய் மாடியறை ஜன்னலோரம் வெயிலில் வைப்பேன். கருவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே விட்டுவிடுவேன். சாயங்காலம் தட்டைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடுவேன். கருவி பொய் சொல்லவில்லை, ஃபிரிட்ஜ் குளிராகத்தான் இருந்தது. யாருக்கும் நான் விஷம் கொடுக்கவில்லை. எப்படியும் பாதிப் பேருக்கு வெறும் களிம்புதான் கிடைக்கப்போகிறது. மற்றவர்களுக்கும் அதுவே கிடைத்தது. வாலுவின் சோதனை தோற்க வேண்டும், வேறு எந்தக் கெட்ட எண்ணமும் எனக்கு இல்லை.

தையல்காரரைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். நல்ல மனிதர். ஒரு காலில் இரண்டு விரல்கள் கறுத்துப்போய் வந்தார். உடனே எடுத்துவிடலாம், பாதம் தப்பும் என்றார் அறுவை மருத்துவர். "விரல் போனா மெஷினை எப்படிம்மா மிதிக்கிறது? இந்தக் கால் ஓடினாத்தான் வீட்ல அடுப்பு எரியும்" என்று என்னிடம் வந்து நின்றார். சோதனைக்கு ஆள் குறைந்தால் அதை நீட்டிக்கொண்டே போவார்கள். எனக்கு அது சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது.

"அவசரப்பட்டு எடுத்துட வேண்டாங்க. மருந்து இருக்கு, போட்டுப் பாக்கலாம்" என்றேன்.

"நீங்க சொன்னா சரிம்மா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

வாராவாரம் நானே கட்டுப் போட்டேன். அந்தக் கறுப்பு விரலைத் தாண்டி, பாதத்தைத் தாண்டி மேலே ஏறியது. ஒவ்வொரு முறையும் "ஆறுதாம்மா?" என்று கேட்பார். "கொஞ்சம் பொறுங்க" என்பேன். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனபோது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். "உங்களால ஆனத செஞ்சீங்க. என் தலையெழுத்து" என்று அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். பிறகு ரகசியத்தைத் திறந்தபோது தெரிந்தது, அவருக்கு விழுந்தது மருந்து டியூப்தான். குளிரிலேயே இருந்திருந்தால் வேலை செய்திருக்கும்.

சோதனை தோற்றது. பேராசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வாலு என் தோளில் சாய்ந்து அழுதாள், நான் டீ வாங்கிக் கொடுத்தேன். ரொம்ப நாளுக்குப் பிறகு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிடிபட்டது என் அப்பாவால்தான். அவருக்கு வாய் சும்மா இருக்காது. கண்ணைக் காட்டலாம் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுச் சீட்டு வாங்கப் போனேன். பக்கத்தில் தையல்காரர், செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க வந்திருக்கிறார். "எனக்கும் இதே புண்ணுதாங்க. எம் பொண்ணு ஒரு களிம்பு கொண்டாந்தா, பாருங்க, தழும்புகூடத் தெரியல" என்று அப்பா வேட்டியைத் தூக்கிக் காட்டியதோடு நிற்காமல், டியூபையும் பையிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கிறார். தையல்காரர் கட்டையை ஊன்றிக்கொண்டு நேரே வாலுவிடம் போய்விட்டார். "அதே டியூப்தானே கண்ணு? அவருக்கு ஆறிச்சு, எனக்கு ஏன் ஆறல?" என்று கேட்டாராம். வாலு மிச்சமிருந்த டியூப்களைச் சோதித்தாள். ஒன்றிலும் புரதம் உயிரோடு இல்லை. சாவி யாரிடம் இருந்தது என்று ஊருக்கே தெரியும்.

அப்பாவுக்குக் கொடுத்தது ஆரம்பத்தில் நான் என் கையால் செய்தது. வீட்டு ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம் வைக்காமல் நல்ல குளிர் இருக்கும் இடமாகப் பார்த்து உள்ளே தள்ளி வைத்திருந்தேன். பெற்ற தகப்பன் ஐயா, அவர் விஷயத்தில் நான் அலட்சியமாக இருக்க முடியுமா?

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். வாலு, மருந்து வேலை செய்யவில்லை என்று உலகத்துக்குச் சொல்லப் பார்த்தாள். வேலை செய்கிறது. குளிரில் இருந்த மருந்து ஒரு காலைக் காப்பாற்றியது, வெயிலில் கிடந்த அதே மருந்து ஒரு காலைக் காப்பாற்றவில்லை. இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை பேராசிரியரும் வாலுவும் ஆயுசுக்கும் செய்திருக்க முடியாது. இரண்டு கால்களின் படங்களும் என்னிடம் இருக்கின்றன, வாராவாரம் நானே எடுத்தவை. இது கட்டுரையாக வர வேண்டும், முதல் பெயர் என்னுடையதாக இருக்க வேண்டும். நியாயமாக எனக்குச் சேரவேண்டியதைத்தான் கேட்கிறேன். கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் தையல்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் ஆட்சேபனை இல்லை.