நல்ல ராசா

டோர்செட் பார்க் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீற்றில் ஒரு கணவனும் மனைவியும். இருவரும் ஊர்ச்சங்கக் கூட்டம் முடிந்து வருகிறார்கள்.

"தலைவர் பதவியும் போச்சு. இவ்வளவு காலம் ஓடித்திரிஞ்சன், ஒருத்தரும் என்ர பேரைக்கூடச் சொல்லேல்லை."

"இஞ்சருங்கோ, என்னோட வேலை செய்யிற சீனாக்கார அன்ரி சொன்னவ. நல்ல ராசா எண்டால், அவர் இருக்கிறதே சனத்துக்குத் தெரியாதாம். அவையின்ர பழைய ஞானியள் சொன்னதாம்."

"அப்ப வீட்டிலயும் நான் நல்ல ராசாதான். ரெண்டு வேலை. நான் இருக்கிறதே பிள்ளையளுக்குத் தெரியாது."

"ஆர் சொன்னது? வாசலில உங்கட சப்பாத்துச் சத்தம் கேட்டாப்பிறகுதானே நானும் பிள்ளையளும் நித்திரை கொள்ளுறம்."

அவர் எழுந்து மணியை அழுத்தினார். இறங்கிப் போகும்போது சப்பாத்துச் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.