காஞ்சனாவின் போனில் நளினி சொன்னது

ராத்திரி பதினொன்றரை இருக்கும். பீடோங்கிலிருந்து செமிலிங் போகிற சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. மழை விட்டும் மட்டையிலிருந்து சொட்டுகிற சத்தம்... டப்... டப்... என் சிநேகிதி மருதம்மாளின் மகள் நளினி, ஆஸ்பத்திரித் தாதி, வேலை முடிந்து தனியாகக் காரில் வருகிறாள்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல், நோயாளி தாதியைக் கூப்பிடுகிற மாதிரி.

"மிஸ்ஸி... தண்ணி."

அவள் பிரேக் போடவில்லை. நிறுத்தினால் திரும்பிப் பார்க்க வேண்டி வருமே... ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தாள். காருக்குள் ஒரு வாடை. சிறுநீரகம் கெட்டவர்களின் மூச்சில் வருமே, அது.

"அத்தை, பயமுறுத்தாதீங்க, நான் பைக்ல தனியாப் போகணும் லா" என்கிறாயா சுகுமாரா? நெருங்கி உட்கார். முதலிலிருந்து சொல்கிறேன்.

தாதிகள் மனசு உடைந்து போகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் போனிலேயே ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள். காதில் மாட்டினால் ஒரு பெண் மெதுவாகப் பேசுவாள். கண்ணை மூடு... மூச்சைக் கவனி... நெஞ்சில் கை வை... உன்னிடம் நீயே அன்பாக இரு. கடைசியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: 'நடந்ததற்கு என்னை நான் மன்னிக்கிறேன்.' சொன்னால்தான் அடுத்த பாடம் திறக்கும்.

அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? நளினிக்கு இளகிய மனசு. ஓய்வறையில் எல்லார் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அவளே சொல்லி முடித்துக் கொடுப்பாள்.

"எல்லார் பாவத்தையும் ஒரே ஆளா மன்னிக்கறியே, நீ என்ன சாமியா?" என்பார்கள் மற்றத் தாதிகள்.

"ஆமா. காணிக்கையா ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக் கொடுங்க லா."

கூட வேலை பார்க்கிற மூத்த தாதி காஞ்சனா மட்டும் போனைக் கொடுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்ட நோயாளி ஒருவர், அம்மாசி என்று பெயர். சிறுநீரகம் போய் உடம்பெல்லாம் நீர் கோத்துவிட்டது. தண்ணீர் கொடுக்கவே கூடாதென்று டாக்டர் உத்தரவு. ராத்திரி முழுக்கக் கெஞ்சினார். காஞ்சனா கொடுக்கவில்லை. விடிவதற்குள் காய்ந்த வாயோடு போய்விட்டார். உத்தரவுப்படி செய்தாள், தப்பே இல்லை. ஆனால் போகிற உயிருக்கு ஒரு சொட்டு ஊற்றாத கை... அதோடு அவள் தூக்கம் போயிற்று.

ஒருநாள் போனை நீட்டினாள்.

"என் வாயில அது வரலடி. நீ சொல்லிடுறியா?"

"கொடுங்கக்கா. ஒரு நிமிஷ வேலை."

நளினி நெஞ்சில் கை வைத்தாள். சொன்னாள். போன் 'டிங்' என்றது.

அன்றிரவு காஞ்சனா தூங்கினாள். அன்றிரவுதான் நளினியின் காரில் அந்தக் குரல்.

அதற்கப்புறம் தினமும். மருதம்மாள் கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தாள். பலிக்கவில்லை. நளினிக்குக் கண் குழிந்துவிட்டது. கடைசியில் ஒருநாள் வேலை முடிந்து நேராகக் காஞ்சனா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, திருப்பி எடுத்துக்கங்க. உங்க வாயால சொல்லுங்க. ஒரே ஒரு தடவை."

காஞ்சனா கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள்.

"மாட்டேன்டி. இப்பதான் தூங்கறேன். பிள்ளைங்க இப்பதான் பயமில்லாம என்கிட்ட வருதுங்க."

"நான் செத்துடுவேன்க்கா!"

"அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு. என்கிட்டயும் தினம் தண்ணிதான் கேட்டாரு, அவ்வளவுதான். கொடுத்துடாத. கொடுத்தா வீட்டுக்குள்ள வந்துடுவாரு."

நளினி கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

"நேத்தே கொடுத்துட்டேன்."

காஞ்சனா ஓர் அடி பின்னால் போனாள்.

"தாங்க முடியலக்கா... கொடுத்துட்டேன். வீட்டுலதான் இருக்காரு. அவரு இருந்துட்டுப் போறாரு..." நளினி மெதுவாகத் தன் கார்ப் பக்கம் திரும்பினாள். உள்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பின் சீட்டுல இப்ப ஒரு சின்னப் பிள்ளை உக்காந்திருக்குக்கா. அது யாரோட போன்ல இருந்து வந்துச்சின்னு தெரியல."