நான் அமைத்த பின்சக்கரங்கள்

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்குகிறவர்கள் அவற்றை முன்னால்தான் போடச் சொல்வார்கள், சார். இழுப்பதும் திரும்புவதும் முன் சக்கரங்கள்தானே என்று நினைப்பு. நான் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, புதியது பின்னால்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் ஈரத் தரையில் வண்டி சுற்றிவிடும் என்று பொறுமையாக விளக்குவேன். பத்தொன்பது வருடமாகச் சக்கரக் கோணம் பார்க்கும் பட்டறை, வீல் அலைன்மென்ட் என்பார்களே, அது வைத்திருக்கிறேன். என் பட்டறையிலிருந்து தப்பான சக்கரத்தோடு வெளியே போன வண்டி ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றித்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

டீ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்.

முதலில் பொம்மைக் கார் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொம்மை என்று நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம். உங்களுக்குப் புரியட்டும் என்று சொன்னேன். முழங்கை நீளத்தில், ரிமோட்டில் ஓடும் பந்தயக் கார். சனிக்கிழமைதோறும் ஒரு பழைய கிடங்கில் கம்பளம் விரித்து ஓட்டுவோம். எங்கள் பிரிவில் முன் சக்கரம் மட்டுமே இழுக்கும். அதில் ஒரு சங்கடம் உண்டு. இழுப்பது, திருப்புவது, நிறுத்துவது எல்லாம் முன் இரண்டின் தலையில்தான் விழும். பின் இரண்டும் கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி சும்மா கூட வரும். அதனால் வளைவில் கார் திரும்ப மாட்டேன் என்று நேரே போகும்.

அதைத் திருப்ப வேண்டுமென்றால் பின்பக்கத்தின் பிடிமானத்தைக் குறைக்க வேண்டும். பின்னால் தேய்ந்த டயர், இறுக்கமான ஸ்பிரிங், பின் சக்கரங்களின் மூக்கு, அதாவது முன் விளிம்பு, ஒரு மயிரிழை வெளியே. அப்போது வளைவில் பின்பக்கம் தானே வழுக்கிச் சுற்றி வரும். அந்த நேரத்தில் ரிமோட்டின் வேக விசையிலிருந்து விரலை எடுக்கக் கூடாது. இன்னும் அழுத்த வேண்டும். முன் சக்கரங்கள் இழுத்து நேராக்கிவிடும். விரலை எடுத்தால் பம்பரம்தான். அந்த மயிரிழை எவ்வளவு என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் தங்கை பக்கத்தில் நின்று சுற்றுக்குச் சுற்று எத்தனை விநாடி என்று சொல்வாள். கம்ப்யூட்டர் காட்டும்தான், ஆனால் ஓட்டுகிறவன் திரையைப் பார்க்க முடியாது. "பதினொண்ணு நாலு, அண்ணா. பதினொண்ணு மூணு. அப்படியே போ." எட்டு வருடம் சொன்னாள். அந்தக் குரல் காதில் இருந்தால் எனக்குக் கை நடுங்காது. ஓட்டம் முடிந்ததும் நான் பேரிங்குகளைக் கழற்றித் துடைப்பேன், அவள் சாமணம் வைத்துக்கொண்டு அச்சில் சுற்றிய கம்பள நூலைப் பிரித்தெடுப்பாள். போட்டியை மைக்கில் அறிவிக்கும் தையல்காரர் என்னைச் சக்கரவர்த்தி என்று கூப்பிடுவார், சக்கர வேலை செய்கிறேன் அல்லவா. கிண்டல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. நானே பார்த்த மாப்பிள்ளை. மருந்துக்கடை வைத்திருப்பவர், தங்கமான மனிதர். அதை இப்போதும் சொல்வேன். அவளோடு அவரும் கிடங்குக்கு வந்தார். சும்மா நிற்கிறாரே என்று என்னுடைய பழைய கார் ஒன்றைக் கொடுத்தேன். முதல் மாதம் முழுக்கச் சுவரில் முட்டினார், எல்லாரும் சிரித்தோம். ஆறாம் மாதம் ஒருவரும் சிரிக்கவில்லை. மாத்திரை எண்ணி எண்ணிப் பழகிய விரல், சார். நல்ல விரல்.

ஒரு நாள் ஓட்டும் மேடையில் ஏறி நின்றேன். பக்கத்தில் ஆள் இல்லை. நாலு பேர் தள்ளி, மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் நின்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். "பதினொண்ணு ரெண்டுங்க." என்னிடம் ஒரு நாளும் அவள் பதினொன்று இரண்டு சொன்னதில்லை. முடிந்ததும் வந்து, "நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே அண்ணா, அவருக்குத்தான் ஆள் வேணும்" என்றாள். நியாயம்தான்.

உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதை எழுதும் அந்த ஐயா பொறாமை என்று எழுதுகிறார் போலிருக்கிறது. அடித்துவிடச் சொல்லுங்கள். வயிறு எரிந்தது உண்மை. சோறு இறங்கவில்லை, அவர்கள் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன், அதுவும் உண்மை. ஆனால் பொறாமைப்படுகிறவன் கையிலிருப்பதைக் கொடுக்க மாட்டான். நான் கொடுத்தேன்.

வருடக் கடைசிப் போட்டியில் அவர் ஓட்டியது என் கையால் முடுக்கிய கார். தங்கை கேட்டாள் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, பல்சக்கர இடைவெளியிலிருந்து பின் சக்கரக் கோணம்வரை நானே வைத்துக் கொடுத்தேன். அவர் முதலாவதாக வந்தார், நான் மூன்றாவது. தையல்காரர் மைக்கில், "இதோ நம்ம புது சக்கரவர்த்தி" என்றார். தங்கை கைதட்டினாள், கண்ணில் தண்ணீர். நான் ஜெயித்த வருடங்களில் அவள் ஒரு தடவைகூட அழுததில்லை. யார் அமைத்த கார் என்று ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் வந்து, "மச்சான், அந்தப் பின்பக்க ரகசியத்த எனக்கும் ஒரு நாள் சொல்லித் தாங்க" என்றார். சொல்கிறேன் என்றேன்.

அடுத்த புதன்கிழமை தன்னுடைய நிஜக் காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். அதுவும் முன் சக்கரம் இழுப்பதுதான். பின் சக்கரக் கோணத்தையும் திருகி மாற்றக்கூடிய மாடல். நாலு டயரும் வழவழவென்று தேய்ந்திருந்தன. இப்போதைக்கு இரண்டு போதும் என்றார். அந்த இரண்டையும் முன்னால் போட்டேன். பின் சக்கரங்களின் மூக்கை வெளியே திறந்தேன், மயிரிழை அல்ல, கொஞ்சம் தாராளமாகவே. கோணம் அளக்கும் இயந்திரம் அச்சடித்த தாளில் பின் சக்கர எண் இரண்டும், அளவு தப்பு என்று, சிவப்பில் வந்தன. நான் எதையும் ஒளிக்கவில்லை, சார். தாளை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"என்ன மச்சான், செவப்பா காட்டுது?"

"அதான் மாப்ள, நீங்க கேட்ட ரகசியம். நம்ம காருக்கு வைக்கிற மாதிரியே வெச்சிருக்கேன்."

வேறு யாராக இருந்தாலும் மாற்றிக் கொடு என்று சண்டை பிடித்திருப்பார்கள். பந்தயக் கார் ஓட்டும் எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் அது பரிசாகப் படும். என் கையைப் பிடித்துக் குலுக்கினார், தாளை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். "வழுக்கினா கால எடுத்துடாதீங்க, அழுத்துங்க" என்று சொல்லித்தான் அனுப்பினேன். அப்படிச் சொன்னேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விரலுக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். உயிர்ப் பயம் வந்தால் எந்த மனிதனுடைய காலும் தானாகத் தூக்கிக்கொள்ளும்.

மூன்று நாள் வெயில் அடித்தது. சனிக்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. நான் கிடங்கில் கம்பளத்தை ஒட்டிக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இங்க கொட்டு கொட்டுனு கொட்டுது. வரட்டுமா, இல்ல இந்த வாரம் விட்டுடவா?"

வராதே என்று சொல்ல ஒரு நொடி போதும். வாயைத் திறந்தேன், சார். அதற்குள் அவள், "அவருதான் கால்ல சுடுதண்ணி ஊத்துன மாதிரி நிக்கறாரு. நீ கார்ல வெச்சுக் கொடுத்த செட்டப்ப மழையில ஓட்டிப் பாக்கணுமாம்" என்று சிரித்தாள். பின்னால் அவரும் சிரிப்பது கேட்டது.

"வாங்க, ரோடு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

பாலத்துக்கு இறங்கும் வளைவில் கார் சுற்றியிருக்கிறது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம் தூணில் மோதியிருக்கிறது. அவருக்கு வலது கை எலும்பு முறிந்தது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நாந்தான் மச்சான் அவளக் கொன்னுட்டேன். நீங்க அவ்ளோ சொல்லியும் கால எடுத்துட்டேன்."

"ஆமா மாப்ள, அழுத்தியிருக்கணும்" என்றேன்.

இன்றோடு ஐந்து நாள். வருகிறவர்கள் எல்லாரும் அவரைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். கை முடியவில்லை என்று என் அம்மா அவருக்குச் சோறு ஊட்டிவிடுகிறாள். நான் வாசலில் நாற்காலிகளைப் போடுவதும் எடுத்துவைப்பதுமாக இருக்கிறேன். நேற்று உங்கள் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார். என்னால்தான் போனாள் என்று மாப்பிள்ளை இடது கையால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் தேம்பினார்கள்.

அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அந்தக் காரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? காலை எடுத்தார். யாராக இருந்தாலும் எடுப்பார்கள். எடுத்தால் சுற்றும்படி வைத்தது நான். மழையில் வரச் சொன்னதும் நான். மனசாட்சி உறுத்தி வந்தான் என்று போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் சரிதான். என் தங்கையைக் கொன்றது நான்.

நேற்று எழுதிய தாளைக் கிழித்துவிடுங்கள். புதிதாக ஒன்று என் பெயரில் எழுதுங்கள். தனியாக எழுதுங்கள், சார். பக்கத்தில் அவன் பெயர் வேண்டாம்.