தெரிந்த ஒரே பிரெஞ்சு வார்த்தை

காலாப்பட்டுக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சின்னவள் திடீரென்று சொன்னாள்:

"தம்பிய நான்தான்க்கா அழிச்சிட்டேன்."

நான் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். காதைத் திருப்ப முடியவில்லை.

"என்னடி பேசற? அவன் பைக்ல போயி விழுந்ததுக்கு நீ என்ன பண்ணுவ?"

"அது இல்லக்கா. டிவியில வச்சி ஆடுவானே, பாக்சிங் கேமு. அதுல தன்ன மாதிரியே ஒரு ஆள செஞ்சி வச்சிருந்தான். அவன் பேரு, அவன் மீச, பச்ச டவுசரு. அவன் போனப்புறம் அம்மா தெனம் சாயங்காலம் அதப் போடச் சொல்லும். நான் ஆடுவேன். அவன் அடி வாங்கி விழுந்தா, 'ஏந்திருடா, ஏந்திருடா'ன்னு டிவியப் பாத்துக் கத்தும். அவனும் ஏந்திருப்பான்."

"சரி, என்ன ஆச்சி?"

"பாரிஸ்லேர்ந்து பெரியப்பா குடுத்தனுப்பின கேமுக்கா. எல்லாம் பிரெஞ்சுலதான் கேக்கும். முந்தாநேத்து என்னமோ கேட்டுச்சி. எனக்குத் தெரிஞ்சது 'உய்' ஒண்ணுதான். ஆமான்னு அதையே அமுக்கிட்டேன். ஆள அழிச்சிடட்டுமான்னு கேட்டிருக்கு."

பெரியவள், "அதே மாதிரி இன்னொண்ணு செஞ்சிடேன்டி," என்றாள்.

"செஞ்சேன்க்கா. அதே பேரு, அதே மீச, அதே டவுசரு. நேத்து போட்டுக் காட்டுனேன். ரெண்டாவது ரவுண்டுல விழுந்தான்."

"அம்மா?"

"பாத்துக்கிட்டே இருந்துச்சி. ஏந்திருன்னு சொல்லவே இல்ல."