ஆட்டைத் துரத்தினால் பிஸ்கட்

அய்யலூர்ச் சந்தைக்குப் போகும் பேருந்தில், மடியில் ஆட்டுக்குட்டியோடு இருந்தவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னார்: "நாய்க்காக ஆட்டை விக்கப் போற கிறுக்கன் நான் ஒருத்தன்தாண்ணே."

"ஏன், கடிச்சிருச்சா?"

"இல்லண்ணே. எங்கப்பா நாயைக் கம்பால அடிச்சுத்தான் பழக்குவாரு. நான் போன்ல பாத்து பிஸ்கட்டுக்கு மாறிட்டேன். ஆட்டைத் தொரத்துச்சுன்னா கூப்பிடுவேன். விட்டுட்டு ஓடியாந்தா ஒரு பிஸ்கட்."

"நல்லதுதானப்பா?"

"இப்பப் பசிச்சாலே ஆட்டைத் தொரத்துது. நான் கூப்பிடாட்டி நின்னு திரும்பிப் பாக்குது. ஆடெல்லாம் ஓடியே எளைச்சிருச்சு."

"அப்பக் கம்பை எடுக்க வேண்டியதுதானே?"

"எடுத்தேண்ணே. வெளையாட எறியப் போறேன்னு நெனச்சு வாலை ஆட்டிக்கிட்டு நிக்கிது. எப்பிடிண்ணே அடிக்க?"