முன் இருக்கையில் இருந்தவர் யார் என்பது பற்றி

என் பெயர் ஓட்டிலி ஃபெர்பர். வயது பதினைந்து. தகப்பனார் கார்ல் ஃபெர்பர், மருந்துக்கடை வைத்திருக்கிறார். துரிங்கியா பகுதியில் ஹோல்ஸ்பாக் ஊரில், தேவாலயத்துக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறோம். பெண்கள் உயர்பள்ளியில் படிக்கிறேன். இன்று 1915 மே 21ஆம் தேதி ராணுவ விசாரணை அதிகாரி முன்பாக இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு வெளியே விமானப் பயிற்சித் திடல் உள்ளது. அங்குள்ள இரட்டை இறக்கை விமானங்கள் சென்ற ஆண்டு போர்முனையில் வேவு பார்க்கப் பயன்பட்டவை. அவற்றில் துப்பாக்கி இல்லாததால் இப்போது பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். சென்ற மாதம் எங்கள் வகுப்பை அங்கே அழைத்துச் சென்றார்கள். கார்ப்பரல் ஆல்வின் க்ராஹ்மர் விமானத்தைக் காட்டினார். இரண்டு இருக்கைகளில் முன்னது வேவு பார்க்கும் அதிகாரிக்கு, பின்னது ஓட்டுபவருக்கு. முன் இருக்கை இறக்கைகளுக்கு நடுவே இருப்பதால், அதில் ஆள் இல்லாவிட்டாலும் விமானத்தின் சமநிலை கெடாது என்றார். ஓட்டுபவர் ஏன் பின்னால் என்று நான் கேட்டேன். "உழும்போது மாடு முன்னாடி, உழுறவன் பின்னாடி இல்லியா? நான் சொன்னேன்னு லெப்டினன்ட்கிட்ட போய்ச் சொல்லிடாதம்மா" என்றார்.

அந்தத் திடலில் வேவு அதிகாரியாக இருக்கும் லெப்டினன்ட் ஹாஸோ ஃபொன் ரெடிங்கன் எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறார். என் அக்கா மெக்டில்டுக்கும் அவருக்கும் ஈஸ்டரில் நிச்சயம் ஆனது.

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் அக்காவும் நானும் ஆற்றோரப் புல்வெளியில் படுக்கை விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தபோது ஒரு விமானம் தேவாலயக் கூரை உயரத்தில் வந்தது. முன் இருக்கையில் லெப்டினன்டும் பின் இருக்கையில் கார்ப்பரலும் இருந்ததை நான் தெளிவாகக் கண்டேன். லெப்டினன்ட் பாதி எழுந்து நின்று கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். கார்ப்பரல் தலையை ஆட்டி மறுத்தார். அதன் பிறகு லெப்டினன்ட் இருவருக்கும் நடுவிலிருந்த பலகையைக் கைமுட்டியால் அடித்தார். அதன் பிறகு எஞ்சின் சத்தம் தணிந்து விமானம் இறங்கியது. அப்போது அவர், "இன்னும் கீழ, க்ராஹ்மர். இது உத்தரவு" என்று கத்தியது எங்களுக்குக் கேட்டது. அதன் பிறகு அவர் வெளியே சாய்ந்து ஒரு பூங்கொத்தை எறிந்தார். அது ஈர விரிப்பின் மேல் விழுந்தது. ஊதா லைலாக் பூக்கள், வெள்ளை நாடா கட்டியிருந்தது. அதன் பிறகு கீழ் இறக்கை ஆற்றோரத்து உயரமான பாப்லர் மரத்தில் மோதி, விமானம் பக்கத்துப் பீட்ரூட் வயலில் விழுந்தது. அங்கே களை கொத்திக்கொண்டிருந்த திருமதி போலின் கால் நசுங்கியது. காலை எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். கார்ப்பரலுக்கு இடுப்பு முறிந்தது. லெப்டினன்டுக்கு மணிக்கட்டு.

மறுநாள் மாலை காவலர் நோய்பர்ட் எங்கள் வீட்டில் பீர் குடிக்கும்போது, "ஓட்டுனவன்தான் ஐயா பொண்ணுங்களுக்குப் பூ எறிஞ்சு விளையாடியிருக்கான். முன்னால உக்காந்தவன் எறிஞ்சான்னு வயல்ல இருந்த எல்லாரும் சொல்றாங்க. அப்படியே எழுதிட்டேன். அந்தக் கார்ப்பரலுக்கு ராணுவக் கோட்டைச் சிறைதான்" என்றார்.

முன்னால் இருப்பவர் ஓட்டுபவர் அல்ல என்றேன்.

"அப்போ குதிரைவண்டில ஓட்டுறவன் எங்க பாப்பா உக்காருவான், பின்னாடி பாட்டியம்மா மடியிலயா?" என்றார். அப்பா சிரித்தார்.

லெப்டினன்ட் மேசையில்தான் இருந்தார். ஒரு கையால் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். காவலர் எழுதியதை அவர் திருத்தவில்லை. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உப்பைக் கேட்டார். அக்கா எடுத்துக் கொடுத்தாள்.

அதன் பிறகு சமையலறையில் அப்பா என்னிடம், "நீ வாயைத் திறந்தா உங்க அக்கா கல்யாணம் நிக்கும், தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். அக்கா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. இன்று காலை நான் புறப்பட்டபோது அவள் தொப்பி அணிந்து, என்னுடன் வரத் தயாராக வாசலில் நின்றாள்.

இந்த இடத்தில் அதிகாரி, அக்காவின் பெயரையும் பூங்கொத்தையும் விட்டுவிட்டு எழுதலாமா என்று கேட்டார். அக்கா, "எழுதுங்க. பூ எனக்குத்தான் வந்தது" என்றாள்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

(ஒப்பம்) ஓட்டிலி ஃபெர்பர்

சாட்சி வயது நிரம்பாதவர். தகப்பனார் ஒப்பமிட மறுத்ததால் அவருக்குப் பதிலாக:

(ஒப்பம்) மெக்டில்ட் ஃபெர்பர், தமக்கை. மணமாகாதவர்.